ஷிப்ட்டுக்கு நூறு அமுக்கு

போன வாரம் எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. இந்த பிளாக்குக்குப் புதுசா பத்துப் பேரைச் சேர்க்கணும். அவ்வளவுதான்.

ஏற்கெனவே பதினோரு பேர் இருக்கீங்க. அதுல மூணு பேர் என் சித்தி பொண்ணுங்க. ஒருத்தர் நானேதான். பாஸ்வேர்ட் மறந்துபோய் ரெண்டாவது கணக்கு ஆரம்பிச்சேன். ஒரு ஆள் குறையுமேன்னு பழசை அப்படியே விட்டுட்டேன்.

ஆள் சேர்க்கிற அவசரம் எதுக்குன்னா, விளம்பரம். பெரிய கம்பெனிங்க தமிழ் பிளாக்குக்கு விளம்பரம் தர மாட்டாங்களாம். தேடித் தேடி, எந்த நாட்டுல இருக்குன்னே தெரியாத ஒரு சின்ன கம்பெனியைப் பிடிச்சேன். நான் எந்த மொழியில எழுதறேன்னுகூட அவங்க கேட்கலை. வர்றவங்க விளம்பரத்தை அமுக்கினா எனக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும்.

வீட்டுக்காரர் முதல்லயே சொல்லிட்டார்.

"மூணு மாசம் பார்ப்போம். லேப்டாப்புல சொருகற அந்த நெட் ஸ்டிக்குக்கு ஆகற செலவை அந்த பிளாக்கே சம்பாதிக்கணும். இல்லேன்னா கட் பண்ணிடுவேன்."

இது மூணாவது மாசம்.

உங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். நாள் முழுக்க நான் பேசறது ஒன்பது மாசக் குழந்தைகிட்ட. அது பதிலுக்கு எச்சில்ல குமிழி விடும். அது தூங்கினப்புறம் இங்க வந்து நாலு வரி எழுதற அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியா இருக்கற நேரம். ஸ்டிக் போச்சுன்னா அதுவும் போச்சு.

சரி, பத்துப் பேர்கிட்ட போய்க் கேட்கலாம்னா, பயம். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்ல படிச்சவ நான். ஏதாவது வேணும்னா வாயைத் திறக்கக் கூடாது, கையைத் தூக்கணும், சிஸ்டர் பார்க்கற வரைக்கும் காத்திருக்கணும். இப்போ குடியிருக்கற படப்பைல நான் கையைத் தூக்கினா ஷேர் ஆட்டோதான் நிக்குது.

அதனால பொறுப்பை வீட்டுக்காரர் தலையில கட்டினேன். அவர் ஒரகடத்துல கார் பார்ட்ஸ் செய்யற கம்பெனியில லைன் சூப்பர்வைசர். எங்க வீட்டுக்குக் கீழே மூணு ரூம்ல பதினாலு பசங்க இருக்காங்க. எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். எல்லாரும் அவர் லைன்ல வேலை பழகற டிரெய்னீஸ்.

"கீழ் ரூம் பசங்களைக் கொஞ்சம் என் பிளாக்கைப் பார்க்கச் சொல்லுங்களேன். அந்த விளம்பரத்தையும் அமுக்கினா நல்லதுதான்."

"சும்மா சொன்னா கேட்பானுங்களா? டார்கெட் வெச்சாதான் கேட்பானுங்க."

எதுக்கு டார்கெட்னு அப்பவே கேட்டிருக்கணும். குழந்தை ஒரு செருப்பை வாயில வெச்சுக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய்க்கிட்டிருந்தது. நான் அது பின்னாடி போயிட்டேன்.

மறுநாள் காலையில மாடிப்படிச் சுவத்துல சாக்பீஸ்ல கட்டம் போட்டிருந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். பக்கத்துல டார்கெட் நூறு. அதுக்குப் பக்கத்துல ஆக்சுவல், காலியா. ஷிப்ட்டுக்கு நூறு வாசகர்களான்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நெட் ஸ்டிக் செலவுக்காக நாலு நாளா சண்டை போட்டிருந்த மனுஷனுக்கு அன்னிக்கு ரெண்டு முட்டை பொரிச்சு வெச்சேன்.

சாயங்காலம் பிளாக்கைத் திறந்தேன். வழக்கமா ஒன்பது பேர் வர்ற இடத்துல இருநூத்திச் சொச்சம்! மறுநாள் முன்னூறைத் தாண்டிடுச்சு!

முதல்ல சந்தோஷம். அடுத்த நிமிஷம் பயம். இத்தனை பேர் படிக்கறாங்கன்னா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரும் படிப்பாங்களே? அவங்க நடக்கற மாதிரி நான் நடந்து காட்டின கதையை எழுதியிருக்கேனே? அதை அவசரமா எடுத்தேன். அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு, எந்தப் பக்கம் திரும்பினா எழுத்தாளர் மாதிரி இருக்கேன்னு பார்த்தேன். எந்தப் பக்கமும் இல்லை.

அன்னிக்கு ராத்திரிதான் அந்தப் பதிவைப் போட்டேன். "கடல் கடந்தும் என்னை வாசிக்கும் அன்பு நெஞ்சங்களே." நீங்க பதினோரு பேரும் பார்த்திருப்பீங்க. மறந்துடுங்க.

மூணாம் நாள் காலையில ஹவுஸ் ஓனரம்மா மேலே வந்தாங்க.

"இன்னாம்மா இது? கீழ் வூட்டுப் பசங்க எல்லாம் போனைப் பார்த்துக்கினு தலையே தூக்க மாட்டேங்குதுங்க? ஒருத்தன் அமுக்கறான், ஒருத்தன் எண்றான், ஒருத்தன் சுவத்துல கோடு போடறான். இன்னாடான்னு கேட்டா, அக்காவுக்கு ப்ரொடக்‌ஷன் பண்றோம்ன்றான்!"

"அவங்க என் கதை படிக்கறாங்கக்கா."

"கதையா? என் கையிலயும் ஒரு போனைக் குடுத்தான். நானும் ஒரு இருபது அமுக்கினேன். கதை ஒண்ணும் காணோமே. குண்டா ஒரு பொம்பள நிக்குது, பக்கத்துல அதே பொம்பள ஒல்லியா நிக்குது."

அது என் கதை இல்லை. என் பக்கத்துல வர்ற எடை குறைக்கற மருந்து விளம்பரம்.

லேப்டாப்பைத் திறந்தா, விளம்பரக் கம்பெனிகிட்டேர்ந்து ஒரு மெயில். இங்கிலீஷ்ல, மரியாதையா, எங்க சிஸ்டர் பேசற மாதிரியே இருந்தது. உங்கள் பக்கத்தில் முறையற்ற கிளிக்குகள் கண்டறியப்பட்டுள்ளன, உங்கள் விளம்பரக் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.

முறையற்ற! என் கேரக்டர் சர்ட்டிபிகேட்ல கூட அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை!

போலீஸ் ஜீப் வரும்னு நினைச்சேன். நெட் ஸ்டிக்கைப் பிடுங்கி துவரம்பருப்பு டப்பாவுக்குள்ள புதைச்சேன். அப்புறம், மன்னிப்பு மெயில் அனுப்ப அதுவே வேணுமேன்னு தோணி, தோண்டி எடுத்துத் துடைச்சேன்.

மன்னிப்பு மெயில் எப்படி எழுதறது? எனக்குத் தெரிஞ்ச ஒரே லெட்டர் லீவ் லெட்டர். மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்னு அதே இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, பழக்கதோஷத்துல காய்ச்சல்னும் எழுதிட்டேன். அதை அழிச்சேன். குழந்தைக்கு நிஜமாவே சளி இருந்தது, அதனால மறுபடி சேர்த்தேன். தங்கள் கீழ்ப்படிந்த மாணவின்னு முடிச்சு அனுப்பினதுக்கு அப்புறம்தான் பார்த்தேன்.

ஒரு நிமிஷத்துல பதில் வந்தது. முடிவு இறுதியானது. மாணவியைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

சாயங்காலம் வீட்டுக்காரர் கையில மிக்சர் பொட்டலத்தோட படியேறி வந்தார்.

"ஆக்சுவல் டார்கெட்டைத் தாண்டிடுச்சு! பசங்க பின்னிட்டானுங்க!"

நான் மெயிலைக் காட்டினேன். படிச்சார். மிக்சரைக் கீழே வெச்சார். திரும்பிப் படியிறங்கிப் போய் பசங்களைக் கூட்டினார். கம்பெனியில ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனா என்ன செய்வாங்களோ அதைத்தான் செஞ்சார். ஏன்னு ஒரு கேள்வி, அதோட பதிலுக்கு ஏன்னு இன்னொரு கேள்வி, இப்படி அஞ்சு தடவை கேட்கணுமாம்.

நான் குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு மேல்படியில நின்னேன்.

"ஏன்டா ஒரே விளம்பரத்தையே அமுக்கினீங்க?"

பசங்களுக்கு லீடர் முருகேசன்தான் வாயைத் திறந்தான். "லைன்ல நாள் பூரா ஒரே பார்ட்டத்தான போடுதோம்ணே."

"ஏன்டா கதையைப் படிக்கலை?"

"படிக்கணும்னு நீங்க சொல்லலையேண்ணே. போர்டுல அமுக்குன கணக்குதான இருந்துச்சு."

"ஏன்டா, நீங்களா படிக்கக் கூடாதா?"

"எங்கண்ணே படிக்க?" முருகேசன் தன்னோட சைனா போனைத் தூக்கிக் காட்டினான். "இதுல தமிழ் வராதுல்லா. அக்கா எழுதுனது பூரா கட்டம் கட்டமாத் தெரியுது. அந்த ஒல்லிப் பொம்பள மட்டும்தான் தெளிவாத் தெரிஞ்சா. அதான் அவளை அமுக்கினோம்."

படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தேன். உண்மைதான். குழந்தை முதல் தடவை குப்புற விழுந்த கதை. நான் மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. ஜன்னல் கம்பி மாதிரி வரிசை வரிசையா கட்டம்.

அஞ்சு ஏன்ல மூணுலயே வேலை முடிஞ்சுபோச்சு.

"அக்கா, இதை ரீவொர்க் பண்ண முடியாதாக்கா?" முருகேசன் தலையைச் சொறிஞ்சான். "வேணும்னா சி ஷிப்ட்டுல ஓட்டிப் பாத்துருதோம்."

"வேண்டாம்ப்பா! தயவுசெஞ்சு யாரும் எதையும் அமுக்காதீங்க!"

வீட்டுக்காரர் ஈரத்துணி எடுத்து சுவத்துல இருந்த கட்டத்தை அழிச்சார். ரொம்ப நேரம் அழிச்சார். சாக்பீஸ் போனப்புறமும் அழிச்சுக்கிட்டே இருந்தார்.

நான்தான் கேட்டேன். "அப்போ நெட் ஸ்டிக்கு?"

"இருக்கட்டும்."

"விளம்பரம்தான் போயிடுச்சேங்க."

"டார்கெட் வெச்சது நான்தானே. என் லைன்ல ரிஜெக்‌ஷன் வந்தா என் சம்பளத்துலதான் கை வைப்பானுங்க. இதுவும் அப்படித்தான்." அப்புறம் மெதுவா, "அந்த மிக்சரை எடு, நமுத்துப் போயிடும்."

ஆக, ஸ்டிக் தப்பிச்சுது. வாசகர்கள்தான் பழையபடி ஒன்பது. உலகப் புகழ் மொத்தம் ரெண்டரை நாள்.

ஞாயித்துக்கிழமை பிளாக்கைத் திறந்தா, ஒரு கமெண்ட் வந்திருந்தது. பெயர் தெரியாத ஆள். இங்கிலீஷ் எழுத்துல தமிழ். எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.

"அக்கா, நான் கீழ் ரூம் மாரிமுத்து. குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன்."

அன்னிக்குப் படியில கடைசியா, ஒரு வார்த்தை பேசாம நின்ன பையன்.

"இன்னிக்கு வீக் ஆஃப். படப்பை பிரவுசிங் சென்டர்ல உக்காந்து படிக்கேன். இங்க கட்டம் வரலை. குழந்தை குப்புற விழுந்த கதை பாத்தேன். மூணு பத்தி ஓகே. மூணாவதுல சத்தமா சிரிச்சுட்டேன், சென்டர்க்காரர் முறைச்சார். நாலாவதுல சிரிப்பு வரலைக்கா. நீங்க எங்களைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுத மாதிரி இருக்கு. ரிஜெக்ட்."

வந்ததே எனக்குக் கோபம்! மெஷின் ஓட்டற பையன் எனக்கு எழுதச் சொல்லித் தர்றானான்னு, நாலாவது பத்தி எவ்வளவு நல்லா இருக்குன்னு அவனுக்குக் காட்டறதுக்காகவே அதை மூணு தடவை படிச்சேன்.

அந்தப் பத்தியைத் தூக்கிட்டேன். இப்போ கதை நல்லா இருக்கு.