ஜான்சி டீச்சரின் கத்திரிக்காய்க் குழம்பு

குழம்பு உப்புக் கரித்தது. ஜான்சி கரண்டியும் கையுமாக விழித்தாள். அவள் போட்டது ஒரே ஒரு ஸ்பூன் உப்பு. சத்தியமாக ஒரே ஒரு ஸ்பூன்.

சிதம்பரத்தில் மனையியல் படித்து முடித்தவளுக்கு இதுதான் முதல் சமையல் வகுப்பு. இடம், கடலூர் செம்மண்டலத்தில் சுனாமிக்குப் பிறகு திறந்த பிள்ளைகள் இல்லம். அடுப்பைச் சுற்றி நின்ற வாண்டுகள் எல்லாம் சொந்தபந்தத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவை.

"தட்டுல போட்டா பாதியில எழுந்து போயிடுதுங்கம்மா" என்று வார்டன் அந்தோணிசாமி காலையிலேயே சொல்லியிருந்தார். "அதுங்களே சமைச்சா சாப்பிடும்னீங்க. இன்னிக்கும் சாப்பிடலன்னா, அடுத்த சனிக்கிழமை கணக்கு டியூஷன்தான்."

ஜான்சி தண்ணீர் ஊற்றினாள். உப்பு குறைந்தது. குழம்பு ரசமானது. கெட்டியாக்கத் தேங்காய் அரைத்துக்கொண்டு வந்து, ஊற்றிக் கலக்கி ருசி பார்த்தாள். பாயசம்!

"யாருடா வெல்லம் போட்டது?"

எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"எறும்பு தூக்கியாந்து போட்டிருக்கும் டீச்சர்" என்றான் செம்பியன்.

"எறும்பு வெல்லத்தைத் தூக்கிட்டுப் போவும்டா. கொண்டாந்து குடுக்காது!"

இனிப்பை அடக்கப் புளியைக் கரைத்து ஊற்றினாள். குழம்பு சட்டி விளிம்பைத் தொட்டது. பெரிய அண்டாவைத் தேடி எடுத்து வந்து மாற்றினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் காரம் உச்சந்தலைக்கு ஏறியது. சிலம்பரசன் மட்டும் தும்மிக்கொண்டே இருந்தான்.

"எல்லாரும் கையைக் கட்டுங்க!"

கட்டினார்கள். கடைக்குட்டி அமிர்தத்தின் விரல்கள் வெல்லத்தில் பிசுபிசுத்தன. வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாத பிள்ளை. ஜான்சிக்கு அதைத் திட்ட மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வார்டன் வந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கினார். முகம் அஷ்டகோணலானது.

"என்னாம்மா இது? உப்பு, புளி, காரம், இனிப்பு... ஒண்ணையும் விட்டு வைக்கலியா?"

"பசங்க வெளையாட்டுக்கு..."

"கொட்டிடுங்கம்மா. சோத்தோட வெளையாட்டு என்னா வேண்டிக்கிடக்கு? அடுத்த வாரம் கணக்கு."

ஜான்சிக்கு அழுகை முட்டியது. பசித்த பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் குழம்புகூட வைத்துத் தர முடியாத படிப்பு என்ன படிப்பு என்று தன்மேலேயே கோபம் வந்தது. துணியைப் பிடித்து அண்டாவைத் தூக்கினாள்.

பிசுபிசுத்த கை ஒன்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. அமிர்தம்.

"கொட்டாதீங்க டீச்சர். வெல்லம் எங்கம்மா போடுறது... உப்பு செம்பியன் அம்மா, மொளகாத்தூள் சிலம்பு அம்மா."