செம்மலைக்கு நாலாவது ஆள்

ஸ்ட்ரெதம், லண்டன்
ஞாயிறு காலை

பெருமதிப்புக்குரிய மச்சான் சுபாஸ்கரன் அவர்கட்கு,

இவ்வளவு காலமும் வாய்மூடி இருந்தது போதும். இருந்தாலும் முறைப்படி நலம் விசாரித்துவிட்டே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் படித்தவன். நாங்கள் மூவரும் நலம். நீங்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன நாலாவது ஆளும் நலம். அதன் நலம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருவதால்தான் இந்தக் கடிதம். கவுன்சிலில் வாகனத் தரிப்புத் தண்டங்களுக்கு எதிராக வரும் முறையீடுகளை இருபத்தொரு வருடமாக வாசிப்பவன் நான். ஒரு முறையீட்டை எப்படி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பழைய கதைகளைக் கிளறுவதில்லை என்று உங்கள் தங்கை நகுலேஸ்வரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே, எங்கள் மகள் கோசிகா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு வீடியோ மூன்று மணித்தியாலம் ஓடுகிறது, அதில் பெற்ற தகப்பனாகிய நான் தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தூக்கிக்கொண்டு நாலு செக்கன் மட்டும் குறுக்கே போகிறேன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். உங்கள் மகனின் கலியாணத்தில் சொந்தக்காரருக்கு மேசை பிரித்தபோது என் கதிரையை மட்டும் எண்ண மறந்தீர்கள், நான் மைக்செற்காரரோடு இருந்து சாப்பிட்டேன், அதையும் எழுதமாட்டேன். சித்திரையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் தொடங்கியது. பிளேஸ்டோவில் உங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது பேர் இருக்கும்போது, அமெரிக்காவில் செடோனா போய்வந்த படங்களைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினீர்கள். பாலைவனம், சிவந்த மலைகள், எல்லா மலைக்கும் முன்னால் கைகட்டிக்கொண்டு நீங்கள். அப்போது என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: “மச்சானுக்கு ஊர் பாக்கிறதெண்டா ஸ்ட்ரெதத்திலயிருந்து பக்கத்தில இருக்கிற டூட்டிங் போறது. அதுக்கும் முதல் நாளே மேப் பாப்பார்.” நாற்பது பேரும் சிரித்தார்கள். நகுலேஸ்வரி வாயில் வடையோடு சிரித்தாள். வீடு திரும்பும் பஸ்ஸிலேயே நான் முடிவெடுத்தேன். அதே ஊர், ஒக்டோபர் மாதம், நாலே நாலு நாள்.

திட்டம் போடுவதில் என்னைக் குறை சொல்ல ஏலாது. ஃபீனிக்ஸ் வரை விமானம், அங்கிருந்து இரண்டு மணி நேரம் கார், மலையைப் பார்த்தபடி ஒரு சிறிய விடுதி, ஒரு நாள் ஜீப்பில் பாறைகளுக்கு மேலே சவாரி. கோசிகா இணையத்தில் ஓர் அட்டவணை செய்து தந்தாள். அப்பா, அம்மா, கோசி என்று மூன்று நிரல்கள். கட்டில், சாப்பாடு, போகும் நாள், திரும்பும் நாள் என்று கீழே கட்டங்கள். நகுலேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள்.

“மூண்டு பேராப் போகேலாது.”

“அம்மா, இது ஹொலிடே. ஆருக்கும் பொம்பிளை பாக்கப் போகேல்ல.”

“எதுக்குப் போனாலும் மூண்டு மூண்டுதான். அண்ணையைக் கேப்பம்.”

இந்த வீட்டில் எல்லாக் கேள்விகளும் போய்ச் சேரும் இடம் அதுதான். நீங்களும் வந்தீர்கள். கோட்டுப் பையிலிருந்து சமையலறைத் தாளில் சுற்றிய ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தீர்கள். பாதித் தேங்காய் அளவு, ஈரல் நிறம். “மூண்டு பேர் வெளிக்கிட்டா ஒரு கல்லை நாலாவது ஆளாக் கொண்டு போறதுதானே எங்கட வழக்கம். இது அந்த ஊர்க் கல்லேதான். இதுக்கு வழியும் தெரியும்” என்றீர்கள். அங்கிருந்து கல் எடுக்கத் தடை இல்லையா என்று நான் கேட்டேன். “மலை மலையாக் கிடக்குது மச்சான். ஒண்டு குறைஞ்சா எண்ணிப் பாக்கிறவங்களோ?” என்றீர்கள். அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. எண்ணிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் தேத்தண்ணீரும் குடிக்காமல் ஓடினீர்கள். இருபது வருடத்தில் எங்கள் வீட்டில் நீங்கள் தேத்தண்ணீர் குடிக்காமல் போனது அன்றைக்குத்தான். நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

கோசிகா சிரித்துக்கொண்டே நாலாவது நிரல் போட்டாள். தலைப்பு: கல். அதை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதானே என்று திரும்பும் நாளை வெறுமையாக விட்டாள். உங்கள் தங்கையோ ஆளென்று எண்ணினால் இடையில் விடக்கூடாது, வீடு திரும்பும் வரைக்கும் எண்ணவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே அடுத்த ஞாயிறு மேசையில் நாலு சாப்பாட்டுக் கோப்பை. கல்லுக்குப் புட்டு வைத்தாள், கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள், என்னிடம் வந்தபோது சம்பல் முடிந்துவிட்டது. எங்கள் மேசைக்கு நாலு கதிரைதான், அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். கல்லை ஆடுகிற கதிரையில் வைத்தால் விழுமாம். என் கதிரையில் வைத்தாள். நான் ஆடுகிற கதிரையில் இருந்து சாப்பிட்டேன். மறுநாள் காலை என் கதிரையைத் தொட்டுப் பார்த்தேன். ஆள் எழும்பிப் போன கதிரை மாதிரிச் சூடு. ஹீட்டர் இன்னும் போடத் தொடங்கவில்லை.

பிறகு தூள். மிளகாய்த்தூள் போலச் செந்தூள், மாடிப்படியில், கம்பளத்தில், முக்கியமாக என் சப்பாத்துக்குள். மற்ற இருவருடைய சப்பாத்திலும் இல்லை. நகுலேஸ்வரி மிளகாய் அரைத்துவிட்டுக் கை உதறியிருக்கிறாள் என்று சண்டை பிடித்தேன். அவள் “நக்கிப் பாருங்கோவன்” என்றாள். நானும் படித்த மனிதன், பரிசோதனையில் நம்பிக்கை உள்ளவன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். உறைப்பில்லை. வெயிலில் காய்ந்த ஏதோ ஒன்று. அன்று முழுவதும் எவ்வளவு தண்ணீர் குடித்தும் என் தாகம் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அட்டவணை தானாக நிரம்பத் தொடங்கியது. கல்லின் நிரலில் கட்டில்: வேண்டாம். சாப்பாடு: புட்டு. ஜீப்பில்: ஜன்னல் பக்கம். கோசிகா “ஐ ஸ்வேர் அப்பா, நான் டச் பண்ணவே இல்ல” என்றாள். தங்கைக்கு உதவி என்று அந்த அட்டவணையின் இணைப்பு உங்களிடமும் இருந்தது, ஆகவே நீங்கள்தான் என்று முடிவுகட்டி உங்களுக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? “எனக்கு உந்தக் கொம்பியூட்டர் வேலையெல்லாம் ஏலாது மச்சான்” என்று சிரித்தீர்கள். பிறகு உங்கள் கடையில் ஆட்கள் நிற்பது போலக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள்: “அது இன்னும் உங்களிட்டத்தானே இருக்கு? இஞ்சால வராதுதானே?” மச்சான், பொய் முறையீடு எழுதுகிறவர்களை நான் முதல் வரியிலேயே கண்டுபிடிப்பேன். நீங்கள் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கல்லின் நிரலில் திரும்பும் நாள் நிரம்பியிருந்தது. ஒக்டோபர் பத்தொன்பது. பக்கத்தில், அப்பா என்ற நிரலில், அந்தக் கட்டம் வெறுமை. நான் திகதியை எழுதினேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் வெறுமை. திரும்ப எழுதினேன். இப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு, அங்கே காலை எட்டு மணி, விடுதிக்கே போன் செய்தேன். வயதான ஒரு பெண்மணி எடுத்தார். மிக மரியாதையான குரல்.

“எல்லாம் குறித்துவிட்டேன். நாலு பேர் வருகிறீர்கள், மூன்று பேர் திரும்புகிறீர்கள்” என்றார்.

“ஓம், நாலாவது ஒரு கல். அதுதான் அங்கே நிற்கப்போகிறது” என்று விளக்கினேன்.

“இல்லையே. கல் திரும்பிப் போகிறது, அப்பா நிற்கிறார் என்றல்லவா உங்கள் வீட்டிலிருந்து பேசியவர் சொன்னார்?”

யார் பேசியது என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லையாம். மெதுவான குரலாம், வறண்ட இருமலாம். “அப்பாவை வீட்டில் ஒருவரும் எண்ணுவதில்லை, ஆகவே தேடவும் மாட்டார்கள் என்றார். பயப்படாதீர்கள், இங்கே அடிக்கடி நடக்கிறதுதான். இங்கிருந்து போனது திரும்பி வரும், அல்லது அதற்கு ஈடாக ஒன்று வரும். மலைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.” காலைச் சாப்பாட்டுக்கு முட்டையா பழமா என்றும் கேட்டார். எனக்குப் பயம் வருவதற்கு முன் கோபம்தான் வந்தது, மச்சான். இருபது வருடமாக நீங்கள் என்னைப் பற்றி நினைப்பதை ஒரு கல் அமெரிக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். “நீங்கள் எப்பவும் உப்பிடித்தான், போற இடத்துக்கெல்லாம் ஒரு குறை” என்று நகுலேஸ்வரி கீரையை அரிந்துகொண்டே சொன்னாள். இன்று காலைதான் எல்லாம் முற்றியது. குசினிக்குள் கதைச் சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். உங்கள் தங்கை தன் வேலையிடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த முதல் வருடத்தில் எனக்குச் சொன்ன அதே குரலில். “ஆரோட கதைக்கிறீர்?” என்றேன். “உங்களோடதான்” என்றாள். ஆனால் கல் இருந்த என் கதிரையைப் பார்த்துச் சொன்னாள். கோசிகா உள்ளே வந்தாள். “மோர்னிங் அப்பா” என்று கதிரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்ற என்னை விலத்திக்கொண்டு பால் எடுத்தாள், ஒரு கதவை விலத்துவது போல. நான் தொண்டையைச் செருமினேன். வறண்ட இருமல்தான் வந்தது.

ஆகவே இதனால் அறியத்தருவது என்னவென்றால், பயணம் ரத்து. கல்லைப் பொதி செய்து இத்துடன் அனுப்புகிறேன். எடுத்தவர் நீங்கள், திருப்பி வைக்கவேண்டியவரும் நீங்கள். உங்கள் கடை பெருகட்டும், உங்கள் வீட்டு மேசையில் கதிரைகள் என்றும் குறையாமல் இருக்கட்டும், மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

பின்குறிப்பு: மேலே உள்ள கடைசிப் பந்தியை விட்டுவிடுங்கள். பயணம் ரத்தில்லை, கல்லையும் அனுப்பவில்லை. பொதி கட்ட நூல் தேடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அட்டவணையில் அப்பா என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சுபாஸ்கரன் மாமா என்று எழுதினேன். தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. இவ்வளவு நாளில் நான் எழுதியது ஒன்று அதில் அழியாமல் நிற்பது இதுதான் முதல் தடவை. எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பதிலாக நீங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எல்லா ஒழுங்கும் என் பொறுப்பு. நகுலேஸ்வரியிடம் சொன்னேன். “அண்ணையையோ? நீங்களோ கூப்பிடுறியள்?” என்று கண் கலங்கினாள், மச்சான், நான் நின்ற இடத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கோசிகா “அப்பா, யூ ஆர் சோ ஸ்வீட்” என்று என் கையைப் பிடித்தாள். உங்கள் நிரலில் திரும்பும் நாள் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் வியாபாரி, உங்கள் வசதிப்படி நிரப்பிப் பாருங்கள். கல் திரும்பி வந்தால் வரட்டும், டூட்டிங்கில் நல்லதொரு கதிரை வாங்கி வைத்திருக்கிறேன். அது நாற்பது பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்காது.

இனி என் பெயரை எழுதவேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் கையெழுத்தில்லாத கடிதங்களை நாங்கள் எண்ணுவதில்லை; மலையும் என்னை எண்ணாமல் இருக்கட்டும். இதை இப்படியே உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, மூலையில் இருக்கும் தபாற்பெட்டியில் சேர்த்துவிட்டு வருகிறேன்.