முன் அனுமதியின்றிக் குறைந்த சர்க்கரை

தஞ்சாவூரில் வாய்க்கால் பெயர்ப்பலகைப் பராமரிப்பு அலுவலகம் என்று ஒன்று இயங்கி வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு துறையின் கவலை. பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்பதே இவர்கள் கவலை. அங்கே உதவியாளராக இருக்கும் மதலைமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு, எடை நூற்றெட்டு கிலோ. தினம் அறுபது யூனிட் இன்சுலின் போட்டும் சர்க்கரை முந்நூறை விட்டு இறங்கவில்லை. புண் ஆறாமல் ஒரு கால்விரலை எடுத்தாயிற்று. அடுத்த விரலுக்குப் பயந்து அவர் மனைவி அருள்செல்வி தினமும் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து உற்றுப் பார்ப்பாள்.

டாக்டர் ஷைலஜா, எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ஒரே நிபந்தனை: கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைய, முன்கூட்டியே ஐந்து கிலோ இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

மதலைமுத்து இறக்கினார். அலுவலகக் கண்காணிப்பாளர் வாஞ்சிநாதன் கூப்பிட்டு அனுப்பினார்.

"லீவு சாங்ஷன் ஆனது நூத்தியெட்டு கிலோ ஆளுக்கு. நூத்திமூணு கிலோ ஆளு போய்ப் படுத்தா எப்படிங்க?"

"அதுவும் நான்தான் சார்."

"அதை நீங்க வாயால சொன்னா போதுமா?"

எடையைத் திருத்திப் பிழைதிருத்த ஆணை வந்தது. ஆபரேஷனும் நடந்தது. இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் பாதையை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் சர்க்கரை நூற்றிருபது. டாக்டர் இன்சுலினை நிறுத்தினார். அருள்செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாள். எடை மட்டும் மேலும் மூன்று கிலோதான் குறைந்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே குறிப்பாணை காத்திருந்தது. 'விடுப்பு எடைக் குறைப்புக்காக வழங்கப்பட்டது. எடை குறையும் முன்பே தங்கள் சர்க்கரை குறைந்திருப்பது வரிசைமுறை மீறலாகும். ஊசியை நிறுத்த முன் அனுமதியும் பெறப்படவில்லை. விளக்கம் ஏற்கப்படும் வரை தாங்கள் சர்க்கரை நோயாளியாகவே கருதப்படுவீர்கள். ஊசியைத் தொடரவும்.'

மறுநாள் அருள்செல்வியே டாக்டரின் கடிதத்தோடு வந்துவிட்டாள்.

"இப்ப ஊசி போட்டா மயங்கி விழுந்துருவாரு சார்."

"விழுந்தா அதுக்குத் தனி ஃபார்ம் இருக்கும்மா."

"கடிதத்தைப் படிச்சுப் பாருங்க. குடலோட பாதை மாறினதும் அது சுரக்கிற ஹார்மோனும் மாறுதாம். சாப்பாடும் குறைஞ்சுபோச்சு. எடை குறையறதுக்கு முந்தியே உடம்பு இன்சுலின் சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சிருதாம்."

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "பதினஞ்சு வருஷமா கேக்காத உடம்பு, இப்ப யார் உத்தரவுல கேக்க ஆரம்பிச்சுது?"

"எனக்கு இவரு விரல்தான் முக்கியம் சார். ஊசியைத் தொடரச் சொல்லி எழுதினது நீங்க. அதை டாக்டர் கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறேன், உங்க கையெழுத்தோட."

கையெழுத்து என்றதும் வாஞ்சிநாதன் முகம் மாறியது. பொறுப்பு தன் பேரில் வருமென்றால் அவர் எந்த அறிவியலையும் ஏற்றுக்கொள்ளக்கூடியவர். சாயங்காலத்துக்குள் ஆணை வந்தது: 'சர்க்கரை குறைந்தது சிறப்பு நேர்வாகக் கருதி அனுமதிக்கப்படுகிறது. இதை மற்ற ஊழியர்களின் சர்க்கரை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.'

மதலைமுத்து அதை இரண்டு முறை படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பாராட்டுக் கூட்டம். திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா தூக்கு நிறைய வந்தது. நெய் மிதந்தது. அலுவலகத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். அல்வாவைக் கண்டதும் பதினேழு பேர் பையிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்தார்கள். கொண்டுவராத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பிய்த்துக் கொடுத்தார். வாஞ்சிநாதன் இரண்டாகப் போட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் வாங்கினார்.

மதலைமுத்து ஒரு துளி அல்வாவை நாக்கில் வைத்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்.

வாஞ்சிநாதன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து வருத்தத்தோடு சொன்னார்:

"மாத்திரை போடாமலே ஸ்வீட்ல கை வைக்கிறாரு பாருங்க. உடம்பு மேல கொஞ்சமாவது அக்கறை வேணாம்?"