காரணக்காரரின் பதினோரு வாரத் தொண்டைக்கட்டு

உலகத்தில் காரணக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தனியாகக் குறிப்பதில்லை. குறித்தால் மற்றவர்களுக்குத் தாளில் இடம் இருக்காது. இவர்களுக்கு நோய் வருவதே கிடையாது. காரணம் மட்டும்தான் வரும். தலை சுற்றினால் வெயில், முட்டி வலித்தால் மாடிப்படி, நெஞ்சு எரிந்தால் நேற்றுச் சாப்பிட்ட ஏதோ ஒன்று. உடம்பு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சொந்தமாகக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியாத அப்பாவிகளுக்காக ஏற்பட்டவரே மருத்துவர் என்பது இவர்களுடைய தீர்மானம்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு கார் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. சொந்தப் பட்டறை, சுமாரான தொப்பை, நல்ல கைராசி. கார் தெருமுனையில் திரும்பும்போதே, வேறொரு காருக்கு அடியில் படுத்தபடி, "பேரிங் போயிடுச்சு, ஓரமா நிறுத்தச் சொல்லு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான்.

"எவ்வளவு நாளா இந்தச் சத்தம்?"

"ரெண்டு மாசமா இருக்குங்க."

"ரெண்டு மாசமா காதுல பஞ்சு வச்சிருந்தீங்களா? ஆரம்பத்துலயே கொண்டுவந்திருந்தா அரைநாள் வேலை. இப்ப இன்ஜினையே இறக்கணும்."

இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை குரல் கட்டியது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. யாருக்கும் கட்டும், ஒரு வாரத்தில் விடும். இவருக்கு விடவில்லை. முதல் வாரம், முந்தின நாள் யாரிடமோ கத்தியது காரணம். இரண்டாவது வாரம் ஐஸ் தண்ணீர். மூன்றாவது வாரம், பட்டறையின் மறுபாதியில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் அவருடைய கூட்டாளி பெயின்டர் மாட்டிக்கொண்டார்.

"உன் பெயின்ட் வாடைதான்யா என் தொண்டையக் கெடுக்குது."

"அண்ணே, நான் நாள் பூரா அதுக்குள்ளயே நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உனக்குப் பழகிப்போச்சு."

ஐந்தாவது வாரம் தொண்டையில் எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அதைக் கனைத்துக் கனைத்துத் துரத்தப் பார்த்தார். அது போகிற வழியாக இல்லை. ஏழாவது வாரம் ரொட்டியை விழுங்கும்போது வலித்தது. ரொட்டியை முறுகலாக வாட்டியதற்காக மனைவி கண்டிக்கப்பட்டார். மறுநாள் ரொட்டி பாலில் ஊறி வந்தது. அப்போதும் வலித்தது. பால் சூடு அதிகம் என்று தீர்ப்பானது. ஒன்பதாவது வாரம் இடது காது குத்தியது. மின்விசிறிக்கு நேராகப் படுத்ததால் என்று சொல்லி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். காது எந்தக் குறையும் சொல்லாமல் அந்த மருந்தையும் வாங்கிக்கொண்டது. குத்தல் மட்டும் நிற்கவில்லை. இடையில் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. "இத்தனை வருஷமா இளைக்கச் சொன்னியே, இளைச்சுட்டேன்" என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

கத்தல், ஐஸ், பெயின்ட், ரொட்டி, பால், மின்விசிறி. இவ்வளவு பேரைக் கூண்டில் ஏற்றியவர், ஒரே ஓர் ஆளை மட்டும் விசாரிக்கவேயில்லை. அது முப்பத்தைந்து வருடமாக அவருடைய விரலிடுக்கிலேயே புகைந்துகொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, கண்ணில் படவில்லை.

பதினோராவது வாரம் தன் தங்கைக்குப் போன் செய்தார்.

"யாருங்க பேசறது?"

"நான்தாம்மா, அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"உனக்கு எத்தனை அண்ணன்? நான்தான்!"

தங்கை போனை வைத்துவிட்டாள். இரண்டே நிமிடத்தில் மனைவியின் போன் அடித்தது. "அண்ணி, அண்ணன் போனை எவனோ திருடிட்டான். அண்ணன்னு சொல்லி என்கிட்டயே பேசறான். கேக்கவே பயமா இருக்கு. சீக்கிரம் போலீசுக்குச் சொல்லுங்க."

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். விடுப்புக் கடிதங்களில் பெற்றோர் எழுதும் காரணங்களை இருபது வருடமாகப் படித்துவருகிறவர். எது காரணம், எது சாக்கு என்று அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பவரிடம் அந்தக் கண்ணைத் திறக்காமலே இருந்துவிட்டார். கூடப்பிறந்தவளுக்கே அடையாளம் தெரியாத குரலோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று நினைத்தார். மறுநாளைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கினார்.

"பட்டறைல வேலை கிடக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்."

"பதினோரு வாரமா சத்தம் போடற வண்டிய ஒருத்தர் கொண்டுவந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

"நல்லாத் திட்டுவேன்" என்றார் காரணக்காரர்.

"நான் திட்டிட்டேன்னு வச்சுக்கோங்க. சட்டையை மாத்துங்க."

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஓர் இளம்பெண். முதலில் கேள்விகள் கேட்டார்.

"சிகரெட்?"

"ஒரு நாளைக்கு நாலு."

"காலைல பல்லு விளக்கறதுக்குள்ள நாலு" என்றார் மனைவி.

"குடி?"

"ஏதாவது விசேஷம்னா மட்டும்."

"வாரத்துக்கு மூணு விசேஷம் வரும் இவருக்கு."

மருத்துவர் எழுதிக்கொண்டார். முன்னால் கேமரா வைத்த மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாகத் தொண்டைக்குள் இறக்கி, திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை. அந்த மௌனம் காரணக்காரருக்கு நன்றாகத் தெரியும். பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்த பிறகு, வண்டிக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போது, அவரே எத்தனையோ முறை அப்படி நின்றிருக்கிறார்.

அந்த இடத்திலிருந்து சதையைத் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தொண்டையில் புற்றுநோய்.

"பெயின்ட் வாடையா இருக்குமோ டாக்டர்?"

"சில புகை, தூசியெல்லாம் கூடக் கெடுதல்தான். ஆனா உங்க விஷயத்துல அவ்வளவு தூரம் தேட வேண்டாம். சிகரெட் ஒண்ணே போதும். அதோட குடியும் சேர்ந்தா ரெண்டும் கூட்டு வச்சுக்கிட்டு வேலை செய்யும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "குரல் மாறி மூணு வாரத்துக்கு மேல சரியாகலைன்னா காட்டிடணும். விழுங்கினா வலி, காதுல குறையில்லாம காதுவலி, காரணமில்லாம இளைக்கிறது, எல்லாமே உங்களுக்கு வந்திருக்கு. கழுத்துல கட்டியும் சளியில ரத்தமும்தான் பாக்கி. அதுக்கு முன்னாடி வந்தீங்க. குணமாகறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. முதல் மாசமே வந்திருந்தா எல்லாருக்கும் வேலை சுலபம்."

இந்த வசனத்தை இதற்கு முன் காரணக்காரர் சொல்லித்தான் பழக்கம். கேட்டுப் பழக்கமில்லை.

காரில் வந்து உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"பயமா இருக்கா?"

"உள்ள ஏசி ரொம்ப ஜாஸ்தி. அதான் கை நடுங்குது."

மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கால் மணிநேரம் ஏசி குளிர் விடவில்லை.

வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம் கதிர்வீச்சு. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மூடியைப் போட்டு, மேசையோடு அசையாமல் பொருத்திவிடுவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் விழுங்குவதே பெரிய காரியமாகிவிட்டது. சிகரெட்டை விடுவது அதைவிடப் பெரிய காரியம். இரண்டு முறை பெயின்டரிடம் கையேந்தி, இரண்டு முறையும் திட்டு வாங்கித் திரும்பினார்.

தினமும் அவருக்கு முந்தின முறை ஒரு தையல்காரப் பெண்மணிக்கு. நாற்பது வயதிருக்கும். அவருக்கும் தொண்டைதான். ஒருநாள் காத்திருக்கும் அறையில் நம்மவர் பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல யாராச்சும் புகை பிடிப்பாங்களா?"

"யாரும் இல்லைங்க. நானும் எதையும் தொட்டதில்லை. ஏதோ ஒரு கிருமியாலயும் வரும்கிறாங்க, அதுவா, வேறயான்னு இன்னும் சரியாத் தெரியலை. எதனால வந்துச்சுன்னு தெரியாட்டியும் பரவாயில்லை. வந்தது தெரிஞ்சதே, அது போதும்."

காரணக்காரர் வழக்கப்படி ஒரு காரணம் தேடினார். துணித்தூசி என்று சொல்லலாம். தூக்கமின்மை என்று சொல்லலாம். எதையும் சொல்லவில்லை. "நல்லாயிடும்மா" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்தாறு வருடத்தில் அவர் காரணமில்லாமல் விட்ட முதல் சங்கதி அது.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகிறது. நோய் திரும்பவில்லை, சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்டிவிட்டு வருகிறார். குரலில் கரகரப்பு மிச்சமிருக்கிறது, வாய் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் எங்கும் போவதில்லை. தையல்காரப் பெண்மணியும் நலம்.

இதை வாசித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பாரே? மைத்துனரோ, மேலதிகாரியோ, மாதக்கணக்கில் கரகரவென்று பேசிக்கொண்டு, கேட்டால் தூசி என்கிறவர்? 'அப்படியே அவரை உரித்து வைத்திருக்கிறது, கட்டாயம் படிக்கக் கொடுக்க வேண்டும்' என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். அவரும் ஆர்வமாகப் படிப்பார். படித்து முடித்ததும் அவருக்கும் ஒருவர் ஞாபகம் வரும்.

அவருக்கு ஞாபகம் வரப்போகிறவர் யார் என்று மட்டும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.