ஓட்டை வழியே வந்த விரல்

இனிமேல் என் விரலை நானே குத்திக்கொள்வேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடே அதிர அறிவித்தேன். வீடு அதிரவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த மனைவி மட்டும் நிமிர்ந்தாள்.

"என்ன திடீர்னு?"

"முப்பத்துநாலு வருஷமா வீடு வீடாப் போய்த் தண்ணி மீட்டர் படிச்சவன் நான். என் சர்க்கரையை நான் படிக்கக் கூடாதா?"

"தாராளமாப் படிங்க. நோட்டுல மட்டும் நான் எழுதறேன்."

அவள் கணக்கு டீச்சர். என் சர்க்கரைக்கென்று தனியாக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் நூற்று முப்பதுக்குள் இருந்தால் நீல மை. தாண்டினால் சிவப்பு. அந்த நோட்டைத் திறந்தால் யாரையோ வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் பணி ஓய்வு. அலுவலகத்தில் கேக் வெட்டுகிறார்கள். என் பெயர் எழுதிய கேக். இத்தனை வருஷத்தில் என் பெயரை மெமோவைத் தவிர வேறெதிலும் யாரும் எழுதியதில்லை. அதன் முதல் எழுத்தையாவது தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

மனைவியும் ஒன்று முடிவு கட்டியிருந்தாள். ஏழு நாளும் நீல மை என்றால் ஒரு துண்டு உண்டு. ஒரு நாள் சிவந்தாலும் கேக்கைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் மோந்துகொள்ளலாம்.

மீட்டரை ஏமாற்றும் வித்தைகளில் எனக்குத் தெரியாதது கிடையாது. கவிழ்த்து மாட்டுவார்கள். காந்தம் வைப்பார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்தது பக்கத்து வீட்டு இணைப்பு. மீட்டர் அங்கே ஓடும், குளியல் இங்கே நடக்கும். அப்படிப்பட்டவர்களை ஊர் முழுக்கப் பிடித்தவன் நான். பிடித்தவனுக்குச் செய்யத் தெரியாதா?

எங்கள் பால்கனிக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தகரத் தடுப்பு. அதில் எப்போதோ குழாய் போன ஓட்டை ஒன்று. சரியாக ஒரு விரல் நுழையும். அந்தப் பக்கம் குடியிருப்பவர் ஒரு தையற்காரர். பக்கவாட்டில் திரும்பினால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். அவ்வளவு ஒல்லி. சர்க்கரை ஏற அவர் உடம்பில் இடமே இல்லை.

ஓட்டையில் வாயை வைத்தேன்.

"டெய்லரே, தினமும் காலையில ஒரு சொட்டு ரத்தம் வேணும்."

"என்கிட்ட இருக்கறதே நாலு சொட்டு, அண்ணே."

"உங்க தொழில்ல ஊசி குத்தறது புதுசா என்ன?"

"அது நான் தூங்கி வழிஞ்சு குத்திக்கறது. நீங்க நல்லா முழிச்சுக்கிட்டுக் குத்துவீங்களே!"

"கேக்குல பாதி தர்றேன்."

தகரம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க."

"அவ ஆறு மணிக்கு நடக்கப் போனா வர ஏழு ஆகும்."

"சரிண்ணே. இடது கைதான். வலது கை துணி வெட்டணும்."

முதல் நாள். விரல் வந்தது. குத்தினேன். தையற்காரர் போட்ட கூச்சலில் கைப்பிடிச் சுவரில் இருந்த புறாக்கள் வேறு தெருவுக்குக் குடிபோயின. நூற்று நான்கு. நீல மை.

இரண்டாம் நாளும் கூச்சல். நூற்றொன்பது. நீல மை.

மூன்றாம் நாள் சத்தமே இல்லை. விரல் வந்தது, குத்தினேன், போய்விட்டது. தொண்ணூற்றிரண்டு!

"என்ன டெய்லரே, பழகிடுச்சா?"

தகரத்தில் டக்டக்கென்று இரண்டு தட்டல். ஆமாம் என்று அர்த்தம். மரியாதை தெரிந்த மனிதர். அன்றைக்கு விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கூட நீட்டியிருந்தார்.

ஏழு மணிக்கு வந்த மனைவி நோட்டைத் திறந்தாள்.

"தொண்ணூத்திரண்டா! எப்படிங்க?"

"மனக்கட்டுப்பாடு."

"அடேயப்பா!" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பார்த்து அவள் அடேயப்பா சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் இரண்டு கிரீம் பன் தின்றேன். மறுநாள் மூன்று. மீட்டர்தான் பக்கத்து வீட்டில் ஓடுகிறதே.

ஏழு நாளும் நீலம்.

வெள்ளிக்கிழமை மாலை. பக்கத்தில் மனைவி. நாற்பது மீட்டர்காரர்கள் சுற்றி நின்றார்கள். கடைசி வரிசையில் தையற்காரரும் இருந்தார். பாதித் துண்டுக்காக இவ்வளவு தூரமா என்று நினைத்துக்கொண்டேன். மேலாளர் பேசினார். "இவர் கண்ணுக்கு எந்தத் திருட்டு இணைப்பும் தப்பினதில்லை!" கைதட்டல். கேக்கை வெட்டினேன். என் பெயரின் முதல் எழுத்து ஒரு தட்டில் ஏறி என் வாயை நோக்கி வந்தது. வாய் திறந்தது. நடுவில் ஒரு கை வந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் மனைவி. "சின்னதா ஒரு பரீட்சை பாக்கியிருக்கு."

கைப்பையிலிருந்து சர்க்கரை மீட்டர் வெளியே வந்தது. நான் கையைப் பின்னால் கட்டுவதற்குள் குத்திவிட்டாள். நாற்பது தலைகள் குனிந்தன. மீட்டரைக் கண்டால் சத்தமாகப் படித்துத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

"இருநூத்தி எழுபத்தொண்ணு!" என்றது மண்டபம் ஒரே குரலில்.

மனைவி தட்டை வாங்கி, துண்டை இரண்டாக்கி, ஒரு பாதியைத் தையற்காரரிடம் கொடுத்தாள். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். மறுபாதி அவள் வாய்க்குள் போனது.

"டெய்லர் போட்டுக் கொடுத்துட்டாரா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாவம், அவரைச் சொல்லாதீங்க. ரெண்டு நாளும் அவர் போட்ட கூச்சல் நான் நடக்கற தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. மூணாம் நாள்லேருந்து அவருக்கு லீவு குடுத்துட்டேன்."

"அப்போ அந்த விரல்?"

"என்னோடது."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேக் தின்றிருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு நாளாவது கண்டுபிடிப்பீங்கன்னு அஞ்சு நாள் நீட்டிப் பார்த்தேன்," என்றாள், உதட்டுக் கிரீமைத் துடைத்துக்கொண்டே. "திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். முப்பது வருஷமா உங்க மூக்குக்கு நேரா நீட்டின விரல். அதையே அடையாளம் தெரியலைன்னா, சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சுங்க."