இப்போதுதான் வெளியே போனவர்

12.11.1992, வியாழன். இன்றைய பிழை: ஐயாவின் கோட்டைத் தூசி தட்டியபின், அதன் கழுத்துப் பக்கம் சன்னலைப் பார்க்கும்படி கதிரையில் போட்டுவிட்டேன். வாசலைப் பார்க்கப் போட்டிருக்கவேண்டும்.

விசுவாசம் என்னும் அரும்பொருள் உலகின் பல பாகங்களிலும் விளைவதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதை உப்பிட்டு, காயவைத்து, வருடக்கணக்கில் கெடாமல் காக்கும் வித்தை கைவந்த இடம் பூமியில் ஒன்றுதான்: மன்னார்ப் பட்டினத்துக் கருவாட்டு அபிவிருத்தி உபகந்தோர்.

மேலே உள்ள பிழையை எழுதிய அன்ரோனெற் அங்கே தற்காலிக எழுதுநர். தற்காலிகமாக நாலாவது வருடம் வேலை செய்கிறாள். கன்னியர் மடத்து மாலை வகுப்பில் தட்டெழுத்தோடு நாட்குறிப்பு எழுதவும் பழக்கினார்கள். முதலில் அன்றைய பிழை, கடைசியில் நாளைய வேலை என்பது சிஸ்டரின் கட்டளை. பிழைக்கு அன்ரோனெற்றுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. செய்யாத நாளிலும், செய்திருப்போமோ என்று யோசித்து ஒன்றை எழுதிவிடுவாள்.

கோட்டின் பெருமையைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். அரசாங்கக் கந்தோர்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கதிரையின் முதுகில் கோட்டு தொங்கினால் அதிகாரி 'கடமையில்' இருக்கிறார். ஆளைக் காணவில்லையா? தேத்தண்ணிக்குப் போயிருப்பார். தொண்ணூறாம் ஆண்டு பட்டினத்தில் முதல் ஷெல் விழுந்த அன்று, உதவிப் பணிப்பாளர் பாக்கியநாதர் ஐயாவுக்குக் கொழும்பில் ஓர் 'அவசரக் கூட்டம்' இருப்பது சட்டென்று ஞாபகம் வந்தது. கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுப் போனார். கூட்டம் இன்னும் முடியவில்லை.

இன்னொரு கந்தோராக இருந்தால் கலைந்து போயிருக்கும். இங்கே தலைமை எழுதுநர் மங்கையற்கரசி அம்மா இருந்தார். காலையில் ஐயாவின் மேசையில் தேத்தண்ணி வைப்பிப்பார். பின்னேரம் அதைச் சன்னலால் ஊற்றுவிப்பார். கிண்ணம் கழுவாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. ஐயாவைக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே மறுமொழி: "ஐயா இப்பதான் வெளிய போனவர். வாங்கில இருங்கோ."

வாசலோரத்து அந்த நீளப் பலகை வாங்கில் அன்று திரேசம்மா இருந்தாள். அரிப்பு என்ற கடலோர ஊரிலிருந்து இடம்பெயர்ந்து கோயில் வளவில் தங்கியிருப்பவள். அவளும் இன்னும் சில பெண்களும் காயவைத்த கருவாடு மூடை மூடையாக அங்கே கிடந்தது. லொறி இராணுவச் சோதனைச் சாவடியைக் கடக்க ஐயாவின் கையெழுத்து வேண்டும். அதற்காக வெயில் காலத்தில் வாங்கில் வந்து இருந்தவள். இப்போது மாரி பிறந்துவிட்டது.

"பிள்ளை, ஐயா?"

"இப்பதான் வெளிய போனவர், அக்கா."

"இந்த மழைக்குள்ளயோ? கோட்டையும் விட்டிட்டு?"

அன்ரோனெற் தட்டெழுத்துப் பொறியைப் பார்த்தாள். அது உதவவில்லை.

"எங்கட ஊரில ஒருத்தன் கடலுக்குப் போய்த் திரும்பாட்டி ஒரு மாதம் பாப்பம், பிறகு ஆத்துமப் பூசை குடுத்திடுவம்," என்றாள் திரேசம்மா. "நீங்கள் என்னெண்டா தேத்தண்ணி குடுக்கிறியள்."

"மெள்ளக் கதையுங்கோ அக்கா, அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். மூடையில புழு விழுந்திட்டுது, பிள்ளை. இண்டைக்கு ஏத்தாட்டிப் புதைக்கத்தான்."

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று அன்ரோனெற் யோசிக்காமல் இல்லை. ஆனால் அன்று கொழும்பிலிருந்து மேலதிகாரி தில்லையம்பலம் வருகிறார். 'ஊழியர் விசுவாச மதிப்பீடு' செய்யப்போகிறார். அதில் தேறினால் நிரந்தர நியமனமும் அடையாள அட்டையும் கிடைக்கும். அன்ரோனெற்றின் தாய் சுகமில்லாமல் உயிலங்குளத்தில், சாவடிக்கு அப்பால், தமக்கை வீட்டில் கிடக்கிறாள். மகள் அவளைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. நிரந்தர அட்டை உள்ளவர்களைச் சாவடியில் மறிப்பதில்லை. தற்காலிகமானவர்களுக்குத் தாய்மாரும் தற்காலிகம் என்று பாதுகாப்புப் பிரிவு நினைத்திருக்கவேண்டும்.

மேலதிகாரி கடற்படைப் படகில் வந்து இறங்கினார். பாதி நனைந்திருந்தார். கோட்டு மட்டும் நனையவில்லை. அதைத் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வந்தார். உள்ளே வந்ததும் அதைப் போட்டுக்கொண்டுதான் வணக்கம் சொன்னார்.

"உதவிப் பணிப்பாளர் எங்க?"

மங்கையற்கரசி அம்மா அன்ரோனெற்றைப் பார்த்தார். மதிப்பீடு தொடங்கிவிட்டது.

வாங்கிலிருந்து திரேசம்மாவும் பார்த்தாள். 'உண்மையைச் சொல்லன் பிள்ளை' என்று அவள் முகம் சொன்னது. அன்ரோனெற் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மனதுக்குள், உயிலங்குளத்தில் தாய் இருமினாள்.

"இப்பதான் வெளிய போனவர், சேர்."

சிறுவயதில் மனப்பாடம் செய்த செபம்கூட இவ்வளவு தடையில்லாமல் வந்ததில்லை.

மேலதிகாரி கதிரையைச் சுற்றி வந்தார். கோட்டைத் தொட்டுப் பார்த்தார். தோளில் ஒரு தூசி இல்லை. முகம் கனிந்தது.

"கழுத்து சன்னலைப் பாக்குது," என்றார். "ஆள் வெளிய போனா அது வாசலை எல்லோ பாக்கவேணும்."

"என்ர பிழை, சேர்."

"பரவாயில்லை. கொழும்பிலயும் முதல் வருசம் இப்பிடித்தான் பிழை விட்டவை."

"கொழும்பிலயோ, சேர்?"

"தலைமைக் கந்தோரிலயும் பாக்கியநாதற்ற கோட்டு ஒண்டு தொங்குது. அங்க கேட்டா மன்னாருக்குக் கடமைக்குப் போட்டார் எண்டினம். அந்தக் கோட்டுக்குச் சம்பளம். இந்தக் கோட்டுக்கு ஆபத்துப் படி."

மங்கையற்கரசி அம்மா ஆடாமல் அசையாமல் கேட்டார். "அப்ப ஐயா எங்க, சேர்?"

"அது மதிப்பீட்டில இல்லாத கேள்வி," என்றார் மேலதிகாரி.

வாங்கில் ஒரு சிரிப்புக் கேட்டது. திரேசம்மாவினுடையது. அவள் எழுந்து முன்னுக்கு வந்தாள். "அப்ப சேர் நீங்கள் கையெழுத்து ஒண்டு வையுங்கோவன். உங்களிலயும் ஒரு கோட்டு இருக்குத்தானே."

"அம்மா, நிலையத் தலைவர் பாக்கியநாதர் கடமையில இருக்கேக்க இன்னொருத்தர் கையெழுத்து வைக்கிறது விசுவாசத் துரோகம். நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

மதிப்பீடு அத்தோடு நிறைவெய்தியது. அன்ரோனெற் தேறினாள். ஒரு மனிதன் இல்லாத இடத்தில் அவனை இவ்வளவு உறுதியாக நிலைநிறுத்தியவர்கள் வட மாகாணத்தில் வேறு யாருமில்லை என்று மேலதிகாரி மனம் நெகிழ்ந்து கூறினார். நிரந்தர அட்டையை அவரே எடுத்துக் கையில் தந்தார். பெயர் இருந்தது. படம் இருந்தது. முத்திரை இருந்தது.

"கையெழுத்து, சேர்?"

"அது உங்கட நிலையத் தலைவர் வைக்கவேணும், பிள்ளை."

பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மழை விட்டிருந்தது. தூரத்தில் எங்கோ 'டும்' என்று ஒன்று கேட்டது. மேலதிகாரி தம் கோட்டைக் கழற்றினார். பக்கத்துக் கதிரையின் முதுகில், கழுத்து வாசலைப் பார்க்க, சுருக்கம் விழாமல் போட்டார்.

"என்ர பரிசோதனை கடதாசியில மூண்டு கிழமைக்கு இருக்கு. ஆரும் கேட்டா?"

"இப்பதான் வெளிய போனவர், சேர்," என்றாள் அன்ரோனெற்.

"நல்ல பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடினார்.

அன்ரோனெற் அட்டையை எடுத்துக்கொண்டு தலைமை எழுதுநரின் மேசைக்குப் போனாள். நாலு வருடமாக அவரோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்து தின்றவள். கொழும்புக் கோட்டின் கதையை இருவரும் ஒரே நேரத்தில்தான் கேட்டார்கள்.

"அம்மா, இதில ஐயாவின்ர கையெழுத்து வேணும்."

மங்கையற்கரசி அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"ஐயா இப்பதான் வெளிய போனவர், பிள்ளை," என்றார். "வாங்கில இருங்கோ."

திரேசம்மா வாங்கில் சற்று அரக்கி இருந்து இடம் விட்டாள்.

நாளைய வேலை: காலையில் இரண்டு கோட்டையும் தட்டுவது, இரண்டின் கழுத்தும் வாசலைப் பார்க்க வைப்பது. இரண்டு தேத்தண்ணி வைப்பது. கந்தோர் விட்டதும் கோயில் வளவுக்கு மண்வெட்டி கொண்டுபோய், திரேசம்மா அக்காவோடு சேர்ந்து கருவாட்டைப் புதைப்பது.