ஸ்டார்க்காரர் விட்டுவைத்த கல்யாணம்

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அடுத்தவனுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய மனிதர் இந்தப் பாலக்காட்டு எல்லையில் ஒருவர்தான்: எங்கள் ஸ்டார்க்காரர். ஏறியது எனக்கு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அடுத்தவர் ஸ்டுடியோவில் லைட் பிடித்து, பிறகு பெருமாட்டியில் சொந்த ஸ்டுடியோ போட்டவன். சித்தூரிலிருந்து வாளையார் வரை நான் படம் எடுக்காத கல்யாணம் ஒன்று இருந்தால், அது ஓடிப்போய்ச் செய்துகொண்டதாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சின்ன நட்சத்திரக் குறி ஆட்டி வைத்தது.

ஆல்பம் வேலைக்கு வந்தவர் அவர். படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது அவருக்குக் கேவலம். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் க்ளோப் என்று ஒன்று உண்டாம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டாரைப் போட்டு, பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் எழுதினால், அப்படி முடிகிற படங்களெல்லாம் தானாக வந்து நிற்குமாம்.

"பேரெல்லாம் எதுக்குங்க மொதலாளி? வாலைச் சொன்னாப் போதுமுங்க."

கம்ப்யூட்டரோடு விட்டாரா? ஓட்டலில் போய் உட்கார்ந்து, "தோசைன்னு முடியறதெல்லாம் கொண்டாங்க" என்றார். நெய், மசாலா, வெங்காயம், ரவை என்று மேசை நிறைந்துவிட்டது. "சரியாத்தான் வந்துருக்குது" என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்.

டீ நேரத்தில் இன்னும் மோசம். வாசலில் நின்று, "சாமின்னு முடியறவிங்க எல்லாம் டீக்கு வாங்க!" என்று குரல் கொடுப்பார். எங்கள் தெருவில் கல்லெறிந்தால் ஒரு சாமி மேல்தான் விழும். பழனிச்சாமி, கருப்புசாமி, ராமசாமி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த மாரிச்சாமி என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். முதலாளி கந்தசாமியாகிய நான் கடைசியில்.

"ஏனுங்க, என்னையத் தனியாக் கூப்புடக் கூடாதுங்களா?"

"நீங்களும் சாமிலதானுங்களே முடியறீங்க?"

இப்படி இருக்கையில் ஒரு நாள், கல்யாண ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்கா உள்ளே வந்தார். தம்பிக்கு இணைச்சீர் செய்வதற்காகவே துபாயிலிருந்து வந்தவர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அந்தச் சீர் உடன்பிறந்தவளின் உரிமை. அது நடக்காமல் தாலி கட்டமாட்டார்கள்.

"ஏனுங்க, இது எங்க ஊட்டுக் கல்யாணந்தானுங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"ஆல்பம் பூராப் பொண்ணு ஊட்டுக்காரங்களேதான். தாலி கட்டறப்ப எந்தம்பி முதுகு பாதி தெரியுது. இணைச்சீர் ஒண்ணுகூட இல்லீங்க. நாளைக்கு நா ஃப்ளைட் ஏறணும். எதைக் கொண்டு போறது, இந்த முதுகையா?"

பெண் வீட்டுப் பக்கம் பழைய கேமரா, மாப்பிள்ளை பக்கம் புதுக் கேமரா என்று பிரித்து எடுத்தவன் நான். ஸ்டார்க்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பழைய கேமரா படத்தோட பேர்ல வாலு இங்கிலீசு சின்ன எழுத்து. புதுசுல பெரிய எழுத்து. நா சின்ன எழுத்துல கேட்டேன், சின்னதுதான் வந்துச்சு. நம்ம மெஷினுக்கு ரெண்டும் வேறவேறங்க."

"ஒரு வீட்டுக் கல்யாணத்தையே முழுங்கிட்டு வெளக்கம் வேறயா? புதுக் கேமரா படமெல்லாம் எங்கய்யா?"

"ஆல்பத்துக்கு எடுத்ததும், மெஷின்ல எடம் அடைக்குதேன்னு அழிச்சுட்டனுங்களே."

அந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் கத்தியதில் எதிர்த்த பேக்கரியில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். இத்தனை வருடம் சேர்த்த பேர், ஒரு ஸ்டாரில் போயிற்றே! அவரோ விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார்.

"எப்புடி அழிச்சேன்னு கேளுங்க."

"எப்படி அழிச்சா என்னய்யா?"

"அதே ஸ்டாருதானுங்க. அதே சின்ன எழுத்து வாலு. எதை எடுத்துச்சோ அதைத்தான் அழிச்சிருக்கும். எடுக்காததைத் தொட்டிருக்காதுங்களே."

கம்ப்யூட்டரில் அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரைத் திறந்தார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அங்கே பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இணைச்சீர் படத்தில் கூறைப்புடவையும் கையுமாக அக்கா. பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் தம்பி. அந்த அம்மாள் திரையைத் தொட்டே பார்த்தார்.

"சொன்னனுங்களே, கொழப்பமில்லே" என்றார் ஸ்டார்க்காரர். சொல்லவேயில்லை. படத்தை அங்கேயே அச்சடித்துக் கொடுத்தனுப்பினோம். எனக்கு ஏறியதுதான் இறங்கவில்லை.

இப்போது அவர் வண்டிப்பெரியாரில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்குக் கிடைத்திருக்கும் புதுப் பையன் ஒரு படத்தைக்கூடத் தவறவிடுவதில்லை. ஸ்டுடியோவில் சத்தமே கிடையாது. மாத்திரையும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போனுக்கு ஒரு செய்தி வரும்: "சாமின்னு முடியறவிங்க எல்லாம் சௌக்கியமுங்களா?"

அப்போதும் என்னைத் தனியாகக் கேட்கமாட்டார். எத்தனை சாமிகளுக்கு அது போகிறதோ தெரியாது. முதல் பதில் என்னுடையதுதான்.